சாவு வீட்டில் அலை பார்த்தவன்

என் மாமனாரைத் தகனம் செய்துவிட்டு வந்த பிற்பகல், ஈரத் தலையோடு பந்தலில் உட்கார்ந்து நான் கைப்பேசியில் அலை பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிச் சுற்றி வளைத்தாலும் இதற்குமேல் கண்ணியமாகச் சொல்ல வராது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர் நாற்காலியில் இருந்த தூரத்து உறவுக்கார அம்மா ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், மருமகன் காலையிலேருந்து ஆள் ஆளுக்கு மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருக்காரு. இன்னும் பசியாறக்கூட இல்ல" என்று சொன்னது காதில் விழுந்தது. நான் நிமிர்ந்து, துக்கமாக ஒருமுறை தலையசைத்துவிட்டு, மறுபடி திரைக்குக் குனிந்தேன். மழை வரைபடத்தில் மலாக்கா நீரிணையின் மேல் சிவப்பாக ஒரு பட்டை கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. என் நெஞ்சு படபடத்தது. துக்கத்தால் அல்ல.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. குனோங் ராபாட்டில் வீடு. வாசலில் நின்றால் தெரிவது சுண்ணாம்புக் குன்று. கடலைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அப்படிப் போய்ப் பார்க்கிற கடலும் தட்டில் ஊற்றி ஆறவைத்த தேநீர் மாதிரி கிடக்கும். இந்த நிலவரத்தில் ஒரு மனிதன் அலையேறக் கற்றுக்கொள்ள முடிவு செய்கிறான் என்றால், அவன் வீட்டில் யாராவது அவனை உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். யாரும் பேசவில்லை. மருத்துவர் நடக்கச் சொன்னார். நடப்பதை எல்லோரும்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஜனவரியில் கிழக்குக் கரைக்குப் போய், பருவமழைக் கடலில் என் மகன் வயதுள்ள ஒருவனிடம் வகுப்பு எடுத்துக்கொண்டேன். பழைய அலைப்பலகை ஒன்றையும் அவனிடமே வாங்கினேன். கூடவே, அலைகளைப் பற்றி மூன்று புத்தகங்கள். என்னைப் போன்றவர்கள் நீந்தப் போனாலும் முதலில் நூலகத்துக்குத்தான் போவோம். அலை எங்கே பிறக்கிறது, எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது, எந்த ஆழத்தில் கால் இடறிக் கவிழ்கிறது, எல்லாம் எனக்குப் பாடம். அதன்மேல் ஏறுவது மட்டும்தான் பாக்கி.

மார்ச் முடிந்ததும் கிழக்குக் கடலும் படுத்துவிட்டது. வெளிநாட்டு அலையேறிகள் இதைக் கோடைப் படுக்கை என்று புலம்புவதைப் படித்திருக்கிறேன். அவர்களுக்காவது அது ஒரு பருவம். நமக்கு வருடம் முழுக்கக் கோடைதான். கடலுக்குத்தான் நேரம் காலம். நான் விடவில்லை. லூமுட்டில் படகுகள் கிளப்பிவிட்டுப் போகும் அலையில் ஏறிப் பார்த்தேன். படகிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கையசைத்தார்கள், நான் மூழ்குகிறேன் என்று நினைத்து. ஆற்று முகத்தில் கடல்நீர் ஏற்றம் வரும்போது ஏதாவது எழும்பும் என்று தெலுக் இந்தானுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆறு எழும்பவில்லை. பாசாருக்குக் காய்கறி வாங்க வந்திருந்த ஓர் அக்கா பலகையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இஸ்திரி போடுற பலகையா? கால் எங்க?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் மோட்டார் சைக்கிளை மிதிக்கும்போதெல்லாம், "அண்ணே, மலைப்பக்கம் ஓம்பாக் வந்திருச்சா லா?" என்பார். ஓம்பாக் என்றால் மலாயில் அலை. அவருக்கு அது சலிக்கவே இல்லை.

அப்புறம்தான் மூன்றாவது புத்தகத்தின் அடிக்குறிப்பு ஒன்றில் சுமத்ராக் காற்றைக் கண்டுபிடித்தேன். இந்த மாதங்களில் சில இரவுகளில் சுமத்ராப் பக்கமிருந்து புயல் மழை நீரிணையைக் கடந்து வந்து நம் கரையை அறையும். விடிந்ததும் காற்று ஓய்ந்துவிடும். ஆனால் அது தள்ளிவிட்ட தண்ணீர் உடனே ஓயாது. ஒரு காலைப் பொழுது, சில மணி நேரம், நம் கடற்கரையிலும் அலை இருக்கும். எந்த இரவில் வரும் என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் கைப்பேசி.

மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிய பிறகு செமோரில் மகனோடு இருந்தார். மாமியார் ஏற்கெனவே போய்விட்டார். பக்கவாதம் வந்த பிறகு அவரை மகனும் மகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள்: ஒரு மாதம் செமோர், ஒரு மாதம் எங்கள் வீடு. மாதக் கடைசியில் அவர் காலையிலேயே குளித்து, நீலத் துணிப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார். "வண்டி வந்திருச்சா?" என்று மட்டும் கேட்பார். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஜனவரி எங்கள் முறை. குளியலறையில் தண்ணீர் ஒழுகுகிறது, பெரியவருக்கு வழுக்கும் என்று சொல்லி, மாதம் பாதிகூட ஆகாமல் அவரைச் செமோருக்கு அனுப்பிவைத்தேன். குளியலறைக்கு ஒன்றுமில்லை. எனக்குக் கிழக்குக் கரைக்குப் போக வேண்டியிருந்தது.

அவர் இறந்தது எங்கள் வீட்டில்தான், ஜூலையில், தூக்கத்தில். என் மனைவி அதிகம் அழவில்லை. தகனத்துக்கு எடுத்துப் போகும் முன் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அப்பாவ ரொம்ப அலையவிட்டுட்டோங்க. அங்கயும் இங்கயுமா. இனிமேயாச்சும் ஒரே போக்கா போகட்டும். சாம்பல கரைக்கிறப்ப நல்லபடியா, ஒரு தடவையில போயிடணும். அத மட்டும் நீங்க பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அந்த வாக்கும் அந்தச் சிவப்புப் பட்டையும் ஒரே நாளில்தான் என் கைக்கு வந்தன.

பந்தலில் மச்சான் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மனைவியின் தம்பி, கொள்ளி வைத்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"மாமா, லூமுட்டுல போட்டுக்குச் சொல்லிட்டேன். சித்தப்பாவக் கொண்டுபோன அதே போட்டுக்காரப் பாக்சிக்தான். ஜெட்டியிலேருந்து கொஞ்சம் உள்ள போயி இறக்கிட்டு வந்துடலாம்."

படகில் போவதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். படகுக்காரரே கலயத்தை மெல்லச் சாய்த்து விடுவார். தண்ணீர் புகுந்து நேராக அடிக்குப் போய்விடும். ஜெட்டி என்கிற அந்தப் படகுத்துறை இருப்பது வளைகுடாவுக்குள். அங்கே சுமத்ராவே எழுந்து வந்தாலும் அலை வராது. திறந்த கடலைப் பார்த்த கடற்கரை வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் வடக்கே போக வேண்டும்.

"போட்டா?" என்றேன். "போட்டுல போயி கரைக்கிறது முறையில்ல மச்சான்."

"முறையில்லையா? எல்லாரையும் அப்படித்தானே கொண்டுபோனோம்?"

"அப்ப சொல்றதுக்கு ஆள் இல்ல. மகன் தன் கால்ல தண்ணியில நிக்கணும். கடல் அலையா வந்து கையிலேருந்து வாங்கிக்கணும். அசையாத தண்ணியில விட்டா, கடல் வாங்கிக்கிட்டதா அர்த்தமில்ல."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கடைசி வாக்கியம் எப்படி முடியும் என்று அதைத் தொடங்கும்போது எனக்கே தெரியாது. மச்சான், காரியம் செய்ய வந்திருந்த பூசாரியைப் பார்த்தான். பூசாரி கோப்பையிலிருந்த மைலோவை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சார் சொல்றதுல விஷயம் இருக்கு," என்றார் அவர். "நான்கூட எங்கயோ கேள்விப்பட்டிருக்கேன்."

பிறந்து ஒரு நிமிடம் ஆகாத சாஸ்திரத்தை அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார்.

தண்ணீர்ப் போத்தல் கொடுக்க வந்த மனைவி மட்டும் நின்று யோசித்தாள். "அலையில விட்டா திரும்ப கரைக்கே வந்துடாதா?"

"மேலதான் கரைக்கு வர்ற மாதிரி தெரியும். அலைக்குக் கீழ ஒரு இழுப்பு இருக்கு. அது உள்ள கொண்டுபோயிடும்."

இது முழுப் பொய் அல்ல. இரண்டாவது புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. மிதக்கும் பொருளுக்கு அது பொருந்தாது என்பதும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

"உங்களுக்குத் தெரியும், நீங்க படிச்சவங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மச்சான் பாக்சிக்குக்கு மறுபடி தொலைபேசி செய்து வேண்டாம் என்றான்.

இரவு மழை கூரையைப் பிய்த்தது. மறுநாள் காலை சாம்பலை வாங்கி, பால் தெளித்து, கலயத்தில் போட்டு வாயை வெள்ளைத் துணியால் கட்டினார்கள். இரண்டு கார்களில் கிளம்பினோம். மச்சான் என் காரின் கூரையைப் பார்த்தான்.

"மாமா, அந்தப் பலகை?"

"கயிறு நனைஞ்சு இறுகிருச்சு. அவுக்க நேரமில்ல."

கயிறு நனைந்து இறுகியிருந்தது உண்மை. மழைக்கு முன்பு அதைக் கட்டியது யார் என்று அவன் கேட்கவில்லை. எல்லோரும் பசியாறப் போகும்போது அரை மணி நேரம், அரை மணி நேரம் மட்டும் பின்தங்கிவிட்டு வரலாம் என்பது என் திட்டம். துக்கத்தில் தனியாக நிற்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

சவுக்கு மரங்களைத் தாண்டியதும் கடல் தெரிந்தது. பழுப்பு நிறத்தில், இடைவெளி விட்டு, வரிசை வரிசையாக அலை. எங்கள் கரையில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தாள். நான் எந்த இடத்தில் அலை முதலில் உடைகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பூசாரி தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, கலயத்தை மச்சானின் தோளில் வைத்தார். "இடுப்பளவு போ தம்பி. கடலுக்கு முதுகு காட்டி நில்லு. தோளுக்குப் பின்னால விட்டுட்டு நேரா நடந்து வா. யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா, போறவரு நம்மளப் பாத்து நின்னுடுவாரு."

எல்லோரும் மரங்களைப் பார்த்துத் திரும்பி நின்றோம். மச்சான் தண்ணீரிலிருந்து ஏறி வரும் சத்தம் கேட்டது. அவன் விம்மிக்கொண்டே எங்களைக் கடந்து நடந்தான். மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமனாரைப் பார்க்க அல்ல. அடுத்த வரிசை எவ்வளவு உயரம் என்று பார்க்க.

ஆறு மாதமாக நான் தேடிய அலை அங்கே எழும்பிக்கொண்டிருந்தது. நெஞ்சளவு உயரம், அவசரமில்லாத சரிவு, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஒழுங்காக உடைந்துவரும் விளிம்பு. அதன்மேல் என் மாமனார் வந்துகொண்டிருந்தார். சாம்பலின் கனம் அடியில் இருந்ததால் கலயம் சாயவில்லை. வெள்ளைத் துணி தலைப்பாகை மாதிரி படபடக்க, நுரைக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு, கரைவரை வந்து, என் மனைவியின் குதிகாலுக்குக் கொஞ்ச தூரத்தில் மணலில் இறங்கி நின்றார். நீலப் பை ஒன்றுதான் மடியில் இல்லை.

"யாரும் திரும்பாதீங்க!" என்று கத்தினேன். "நேரா காருக்கு நடங்க!"

நடந்தார்கள். நான் கலயத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன். இடுப்பளவில் விட்டேன், அடுத்த அலை அதைக் கொண்டுவந்து என் வயிற்றில் இடித்தது. மார்பளவு போய் விட்டேன். என்னையும் அதையும் சேர்த்தே கரையில் போட்டது. அங்கேயே துணியை அவிழ்த்துக் கொட்டியிருக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் முழுக்க மணலை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே போக்காக என்று அவள் கேட்டிருந்தாள். நான் செய்துகொடுத்த ஏற்பாட்டில் அவர் இதற்குள் இரண்டு தடவை வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

காருக்கு ஓடினேன். மச்சான் கடலுக்கு முதுகு காட்டியபடி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. திரும்பாத."

"பலகைய எதுக்கு இறக்குறீங்க?"

"முறை."

"இதுவுமா?"

கயிற்றை அறுத்துப் பலகையை இழுத்துக்கொண்டு ஓடினேன். குப்புறப் படுத்து, கலயத்தை முகவாய்க்கு முன்னால் வைத்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினேன். கிழக்குக் கரையில் ஒருமுறைகூட என்னால் அலை உடையும் இடத்தைக் கடக்க முடிந்ததில்லை. அன்று கடந்தேன். எப்படி என்று தெரியவில்லை. ஒவ்வொரு அலைக்கும் கலயத்தை மார்போடு கட்டிக்கொண்டேன். உயிரோடு இருந்தபோது அவரை நான் அப்படிப் பிடித்ததில்லை. குளியலறைக்குப் போகும்போது முழங்கையை மட்டும் தொடுவேன்.

அலைகளுக்கு அப்பால் கடல் தட்டையாக இருந்தது. மாதக்கணக்காக நான் சபித்த அதே தட்டை. மச்சான் படகு பேசியது இதற்குத்தான். நான் பலகையில் எழுந்து உட்கார்ந்து, ஈர முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, கலயத்தைச் சாய்த்தேன். "மன்னிச்சிடுங்க மாமா," என்றேன். அதற்குமேல் எதுவும் வரவில்லை. படித்தவனுக்குப் பொருத்தமான வாக்கியம் ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். கலயம் இரண்டு குமிழி விட்டு இறங்கியது. சாம்பல் கொஞ்ச நேரம் பலகையைச் சுற்றி மங்கலாக நின்றது. அது கலைந்து, தண்ணீர் மறுபடி வெறும் தண்ணீராகும்வரை காத்திருந்தேன்.

திரும்பும்போது பின்னாலிருந்து ஓர் அலை என்னைத் தூக்கியது. நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்தது. எழுந்து நிற்க முயலக்கூட இல்லை. படுத்தபடியே கரைவரை ஒரே வீச்சில் வந்தேன். அந்தச் சில விநாடிகள் நான் சந்தோஷமாக இருந்தேன். இந்தக் கதையில் எனக்கு இன்றுவரை செரிக்காத பகுதி அதுதான்.

வழியில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவுக்கடை ஒன்றில் பசியாறினோம். மச்சான் ரொட்டியைப் பிய்த்தபடியே, "நல்லவேளை மாமா, முறை தெரிஞ்ச ஆள் நீங்க இருந்தீங்க," என்றான். என் மனைவி எதிரில் உட்கார்ந்து தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பூசாரி வந்தார். படையல் முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க சொன்னத இப்ப எல்லா வீட்டுலயும் சொல்லிக்கிட்டிருக்கேன். நாளைக்கு ஒரு அம்மாவுக்குக் கரைக்கிறோம். மகன் போட்டு பேசியிருந்தாரு. நான்தான் வேணாம், அலையிலதான் விடணும்னு நிறுத்தினேன். சார் பேரச் சொன்னதும் ஒத்துக்கிட்டாங்க."

நான் சொன்னது தப்பு, படகுதான் சரி, உடனே அந்த மகனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன். எந்த நூலில் என்று கேட்டார். எந்த நூலிலும் இல்லை, முன்பு சொன்னதும் எந்த நூலிலும் இல்லை என்றேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் தொலைபேசியை எடுத்தார். போகும்போது சார் என்று சொல்லவில்லை.

அவரிடம் சொல்லிவிட்ட பிறகு அவளிடம் சொல்லாமல் இருக்க முடியாது. எல்லோரும் போனபின் மனைவி பந்தல் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். மனித மனம், ஆசை, விலகல் என்று ஒரு முன்னுரையோடு ஆரம்பித்தேன்.

"கலயம் திரும்பி வந்ததத்தானே சொல்லப்போறீங்க?" என்றாள்.

கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தேன். "நீ பாத்தியா?"

"திரும்பாதீங்கன்னு அந்தக் கத்து கத்துனா, யாருங்க திரும்பாம இருப்பா?" நாற்காலியின் கையிலிருந்த தூசியைத் தட்டினாள். "ரெண்டு தடவ வந்தாரு. ராத்திரி எல்லாம் அதேதான் கண்ணுல. நம்ம வீட்டுக்குத்தான் வர்றாரோன்னு."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பேசியை, நான் கட்டிய சாஸ்திரத்தை, கீழிழுப்பு அத்தியாயத்தின் மீதியை, ஜனவரியில் ஒழுகாத குளியலறையை. குளியலறைக்கு மட்டும் அவள் முகம் மாறியது. நாற்காலிகளை அடுக்கி முடித்தாள். நான் அப்படியே நின்றேன்.

"கடைசியில எங்க விட்டீங்க?" என்று கேட்டாள்.

"அலைக்கு அந்தப் பக்கம். அசையாத தண்ணி. அடியில போயிட்டாரு. நான் இருந்து பாத்துட்டுத்தான் வந்தேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

தலையை ஆட்டிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு உள்ளே நடந்தவள், வாசற்படியில் நின்றாள்.

"ஆனா ஒண்ணுங்க. எங்கப்பா கடல்ல காலையே வச்சதில்ல, அவர் நேரா நின்னுக்கிட்டு வந்தாரு. காசு கட்டி கிளாஸுக்குப் போன நீங்கதான் குப்புறப் படுத்துக்கிட்டு வந்தீங்க."